அந்தம்மா இல்லீங்களா?

எங்கள் கிளினிக்குக்கு அவர் இரண்டு முறை வந்து டாக்டரைப் பார்க்காமலேயே திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாவது முறை வந்தபோதுதான் நான் பிடித்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நான் பேச்சுப் பயிற்சியாளராகச் சேர்ந்த புதிது. கத்திக் கத்திக் குரல் கட்டிப்போன டீச்சர்கள், திக்கிப் பேசும் பிள்ளைகள், பக்கவாதத்தில் நாக்குக் குழறியவர்கள், இவர்களைப் பேசப் பழக்குவது என் வேலை. வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்.

அவர் போன் செய்து டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கேட்டது மெல்லிய, தெளிவான பெண் குரல். அவர் பெயரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். கம்ப்யூட்டரில் பெண் என்று பதிந்துவிட்டாள். அவர் முறை வந்ததும் பெயரைச் சொல்லி "வாங்கம்மா" என்று கூப்பிட்டாள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரத்தில், அடர்ந்த மீசையோடு ஒருவர் எழுந்து வந்தார். வீட்டுக்காரம்மா வரவில்லையா என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இல்லை என்று தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமும் இதே கதை.

மூன்றாவது முறை அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, "நான்தாங்க பேஷண்ட்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும் சிறுமியின் குரல். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வந்ததும் நான் ஒரு நொடி தடுமாறினேன். அதை அவர் கவனித்துவிட்டு, "பரவால்லீங்க மேடம், எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். போன தடவைகள் ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டேன். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிடும் என்றார்.

எதிரில் இருப்பவர் வெட்கப்பட்டுப் போவதை அவரால் பார்க்க முடியாது. அவரிடம் நான் கண்ட குணமென்றால் அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளம்பியவை.

கூட்டேரிப்பட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவர் ஊர். நெல் அறுக்கும் மெஷின் ஒன்று வைத்து ஓட்டினார். அறுப்புக் காலத்தில் போன் ஓயாது. எடுத்ததுமே மறுமுனையில், "அம்மா, வூட்ல அவரு இல்லீங்களா?" என்பார்கள். "வெளிய போயிருக்காருங்க. எந்த ஊரு, எத்தினி ஏக்கருன்னு சொல்லுங்க, வந்ததும் சொல்லிடறேன்" என்பார் இவர். மறுநாள் மெஷினோடு இவரே போய் நிற்பார். இன்ஜின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. கையைக் காட்டுவதும் சிரிப்பதுமாக வயலை முடித்துவிட்டு வந்துவிடுவார். மண்டகப்பட்டுப் பெரியவர் ஒருவர், போனில் அவ்வளவு மரியாதையாகப் பேசும் வீட்டுக்காரம்மாவுக்கு என்று சொல்லி ஒரு பை நிறைய மல்லாட்டை, அதான் நிலக்கடலை, கொடுத்தனுப்பினாராம். இவருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. மல்லாட்டையைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெரியவருக்குப் போன் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார். அதையும் அந்தம்மாவாகவே சொல்லியிருக்கிறார்.

அன்று டாக்டர் அவர் தொண்டையைப் படம் எடுத்தார். மூக்கில் மரத்துப்போகும் மருந்தை விட்டு, நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை உள்ளே இறக்குவார்கள். குரல்நாண்கள் இரண்டும் டிவி திரையில் தெரியும். பேசும்போது அவை துடிக்கிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்கென்றே விட்டுவிட்டு மின்னும் விளக்கு ஒன்று உண்டு. அந்த வெளிச்சத்தில் துடிப்பு நிதானமாகிவிடும். ஏரித் தண்ணீர் கரையில் மோதித் திரும்புவது போல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

குழாய் உள்ளே போகும்போது டாக்டர் கையைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. இவர் கண்ணில் தண்ணீர் வழிய, "சாரி சார், சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சாரிக்கும் திரையில் நாண்கள் ஒட்டிப் பிரிந்தன.

டாக்டர் பொறுமையாகத் தேடினார். கட்டி இல்லை, கொப்புளம் இல்லை, இரண்டு நாண்களும் ஒழுங்காக அசைகின்றன. ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். இவர் முகம் தொங்கிவிட்டது. ஏதாவது இருந்தால் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வந்தவர். டாக்டரும் ஏமாந்துபோயிருப்பார் என்று நினைத்தாரோ என்னவோ, "பரவால்லீங்க சார், நீங்க நல்லாத்தான் தேடுனீங்க" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டு, குழாயை எடுக்காமலேயே என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. குறை நாண்களில் இல்லை, அவற்றை வைத்துப் பேசுகிற விதத்தில் இருந்தது. மீசை முளைக்கிற வயதில் பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகிக் குரல் உடையும். இவருக்கும் குரல்வளை வளர்ந்திருந்தது. ஆனால் தன்னை அறியாமலேயே அதை மேலே தூக்கிப் பிடித்து, நாண்களை இழுத்து மெலியவைத்துப் பழைய குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார். திரையில் அவை இழுத்துக் கட்டிய நாடா மாதிரி இருந்தன. ஓரம் மட்டும் நடுங்கியது. நான் அவர் குரல்வளை மேட்டில் விரலை வைத்து மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்தி, ஆ என்று சொல்லச் சொன்னேன்.

நாண்கள் தளர்ந்தன, தடித்தன. அகலமாக அலை எழுந்தது. "ஆ" என்று ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது.

அவர் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார். யாரோ உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். மூக்கில் குழாய் இருக்கிறது, ஆடக்கூடாது என்று டாக்டர் அதட்டினார்.

குழாயை எடுத்த பிறகு இரண்டு படங்களையும் திரும்ப ஓட்டிக் காட்டினோம். அவர் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் நீங்கள்தான் என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார், பழைய குரலில். "ஆனா யாரோ பெரிய மனுஷரு மாதிரி இருக்காரு. எனக்குப் பழக்கமில்லீங்க."

அந்தப் பெரிய மனுஷரை வரவழைப்பது ஒரு நாள் வேலை. தங்கவைப்பதற்கு வாரக்கணக்கில் பழக வேண்டும். பயிற்சிக்கு வர ஆரம்பித்தார். ஒரு நாள் மிகவும் தாமதமாக வந்தார். கூட்டமான டவுன் பஸ்ஸில் பின்னாலிருந்து டிக்கெட் கேட்டிருக்கிறார். பெண் குரலைக் கேட்ட கண்டக்டர், பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கைமாற்றி அனுப்பிவிட்டார். வேண்டாம் என்றால் கண்டக்டருக்கு அசிங்கம், வைத்துக்கொண்டால் தப்பு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பஸ்ஸுக்காக வெயிலில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். புதுக் குரலில் கேட்டிருக்கலாமே என்றேன். அவசரத்தில் அவர் வரமாட்டேன் என்கிறார் என்றார். புதுக் குரலை அவர் எப்போதும் "அவரு" என்றுதான் சொல்வார்.

குரல் ஏன் மாறாமல் நின்றது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. அவர் எட்டாவது படிக்கும்போது அப்பா தவறிப்போனார். அடுத்த சில மாதங்களில் ஒரு நாள் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். குரல் உடைகிற வயது. வந்தது அப்படியே அப்பாவின் குரல். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, மகனைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதன்பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. இதை ஒரு பெரிய விஷயமாக அவர் சொல்லவில்லை. பாவம் பயந்துபோய்விட்டாள் என்று மட்டும் சொன்னார்.

அதனால் புதுக் குரலை வீட்டில் எடுக்கவே அவருக்குத் தயக்கம். வயலில் மெஷினை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் பழகினார். கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது துணிந்து, குழம்பு ஊற்றும்படி அந்தக் குரலில் கேட்டுவிட்டார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாளாம். பிறகு, "இத்தினி வருசமா இத எங்கடா வெச்சிகினு இருந்த?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினாளாம். இதைச் சொல்லும்போது அவர் வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு மட்டும் இன்னும் பழைய குரலில்தான் வந்தது.

அடுத்த கட்டமாக, நெருங்கிய ஒருவரிடம் போனில் புதுக் குரலில் பேச வேண்டும் என்று சொன்னேன். அவர் முகம் வெளிறியது. அதே நேரம் அவர் போன் அடித்தது. எடுத்து, பழைய குரலில், ஒரு மூத்த பெண்ணின் பரிவோடு, "சொல்லும்மா. சாப்ட்டியா? தலவலி தேவலாமா?" என்று பேசினார். தங்கை என்று நினைத்தேன். போனை வைத்ததும் அவருக்கு வியர்த்திருந்தது.

பேசியது அவருக்கு நிச்சயித்திருந்த பெண்.

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். பெண் பார்க்கப் போன அன்று இவர் வாயே திறக்கவில்லை. கூட வந்திருந்த, மரக்காணம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அக்காதான் எல்லாம் பேசினாள். அடுத்த வாரம் அந்தப் பெண் இவர் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்ததும் பெண் குரல். அன்று பேசிய அக்கா என்று நினைத்து, "அண்ணிங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றால் அவள் எவ்வளவு கூசிப்போவாள் என்று ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடிக்குள், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணிக்குத்தான் போன் வந்தது. அண்ணியிடம் அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். கடை முதலாளியின் சிடுசிடுப்பு, படிக்க ஆசைப்பட்டது, மாப்பிள்ளையின் சிரிப்பு பிடித்திருப்பது எல்லாம். கூடவே ஒரு பயத்தையும் சொன்னாள். அவள் அப்பா வீட்டில் யாரோடும் பேசமாட்டார். அம்மா இருபது வருஷமாகச் சுவரோடு பேசுவது மாதிரி பேசிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையும் அப்படிப்பட்டவர் என்றால் இந்தக் கல்யாணமே வேண்டாம், அண்ணி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேட்ட மறுநாள்தான் இவர் எங்கள் கிளினிக்குக்கு முதல் போன் செய்திருக்கிறார்.

"பேசுவாரும்மா, கொஞ்சம் டைம் குடும்மான்னு சொல்லி வெச்சிருக்கேன் மேடம்" என்றார்.

உடனே உண்மையைச் சொல்லிவிடும்படி சொன்னேன். அவள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறாள், இப்போது போய்ச் சொன்னால் அவளுக்கு எவ்வளவு அவமானம் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் அவமானம் குறையுமா என்று கேட்டேன். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்.

முகூர்த்தப் புடவை எடுக்கும் நாள் வந்தது. திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை. நிஜ அக்காவும் வருகிறாள். என்னையும் வரச்சொல்லிக் கெஞ்சினார். கடை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், போனேன். அவர் புதுச் சட்டையில், தூணோடு தூணாக நின்றிருந்தார். பெண் வீட்டார் வந்தார்கள். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவளுடைய அப்பா.

அவள் நேராக அந்த அக்காவிடம் ஓடிவந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க சொன்ன மாதிரியே முதலாளிகிட்ட கேட்டுட்டேன். தபால்ல படிக்கச் சொல்லிட்டாரு."

அக்கா விழித்தாள். "இன்னாம்மா சொல்ற? நான் எப்ப சொன்னேன்?"

அந்தப் பெண்ணின் முகத்தில் குழப்பம் பரவத் தொடங்கியது. அக்கா இன்னும் ஒரு வார்த்தை பேசினால், கடை முழுக்க இருப்பவர்கள் முன்னால் அவள் பைத்தியம் மாதிரி நிற்க வேண்டியிருக்கும். இவர் தூணை விட்டு வந்தார். பழகிவைத்த புதுக் குரலில் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். பழைய குரலிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அவங்க இல்லம்மா. நான்தான். இத்தினி நாளா உங்கிட்ட பேசினது நான்தான். தப்பு எம்மேல."

புடவை விரித்துக்கொண்டிருந்தவர் கை நின்றுபோனது. இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் தலைகுனியவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரார் சிரிப்பு முழுவதும் தன்மேல் விழும்படி நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. அவள் அவர் கையில் இருந்த போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெளியே போய்விட்டாள். அவள் அம்மா பின்னாலேயே ஓடினாள்.

பேசாத அப்பா மட்டும் அங்கேயே நின்றார். கல்யாணம் நின்றது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மாப்ள, வாங்க, டீ சாப்டலாம்" என்றார். அவர் பேசியதைக் கேட்டு அங்கே நின்ற சொந்தக்காரர்களுக்கு, கொஞ்ச நேரத்துக்கு முன் கேட்டதைவிட இதுதான் பெரிய ஆச்சரியமாக இருந்தது. டீக்கடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீ குடித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. இவர் செய்ததும் எடுக்கவில்லை. ஆனாலும் பயிற்சிக்கு வருவதை இவர் நிறுத்தவில்லை. இதில் எனக்கு எந்த வருத்தமும் வந்துவிடக்கூடாது என்பதற்காக, தினமும் பிஸ்கட்டோ கொய்யாவோ வாங்கிக்கொண்டு வந்தார். புதுக் குரல் நன்றாகப் பழகிவிட்டது. வயலிலும் அதே குரலில் பேச ஆரம்பித்துவிட்டார். மண்டகப்பட்டுப் பெரியவர் மட்டும், "நீ யாருப்பா? அந்தம்மா இல்லீங்களா?" என்று விசாரித்தாராம். தாய் வீட்டுக்குப் போயிருப்பதாக இவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் மாலை, செய்தித்தாளை உரக்கப் படிக்கவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் என்னையும் பார்த்தார். அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் பட்டனும் அழுந்திவிட்டது.

"சொல்லுங்க" என்றார், கனத்த குரலில்.

மறுமுனையில் அந்தப் பெண். "யாரு?" என்றாள்.

"நான்தாங்க. இதான் என் குரலு. வைத்தியம் பாத்துகினேன்."

"உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. அண்ணிகிட்ட குடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்தக் காரணத்துக்காகவும் பழைய குரலுக்குத் திரும்பக் கூடாது என்று தினமும் படித்துப் படித்துச் சொன்னவள் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொல்லும்மா" என்றது அந்த மெல்லிய குரல்.

"அண்ணி, உங்க தம்பி என்ன ஏமாத்திட்டாரு."

"ஆமாம்மா. தப்புதான்."

"ஒரு வாரமா நான் யார்கிட்டயும் சொல்ல முடியாம தவிச்சிகினு இருக்கேன். எனக்கு ஒண்ணுன்னா உங்ககிட்டதான் சொல்லுவேன். இத யார்கிட்ட போயி சொல்றது?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. இவருக்கும் கண் கலங்கியது.

"எங்கிட்டயே சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். கடையில் அத்தனை பேர் சிரித்தது, வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிடாமல் படுத்தது, எதையெல்லாம் சொல்லித் தொலைத்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. இவர் ஊம் கொட்டிக்கொண்டே கேட்டார். நான் பார்த்த வரையில் அவ்வளவு கவனமாக யாரும் யாரையும் கேட்டதில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்று சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையன் நல்ல பையன் என்று சொன்னாராம். அவர் தானாக வந்து பேசியது நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவையாம்.

"பொடவ எடுக்கணும் அண்ணி. சனிக்கிழம வரச் சொல்லுங்க. வாயத் தொறந்து பேசணும்னும் சொல்லி வைங்க."

"சொல்றேம்மா."

"செரி. இப்ப அவர்கிட்ட குடுங்க."

அவர் போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதுக்கு மாற்றினார். செருமக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்து நன்றாகச் செருமினார்.

"சொல்லுங்க. நான்தான் பேசறேன்" என்றார் அந்தப் பெரிய மனுஷர்.

அதற்குமேல் நான் அங்கே நிற்பது நியாயமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்ததாக ஒரு டீச்சர் காத்திருந்தார். உள்ளே இன்னும் நேரமாகும், ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.